ஆறடி அறை

டிராயிங் மாஸ்டர் அன்று காலை குளித்து முடித்ததும் ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினார். முகத்தில் நாடு பிடிக்கக் கிளம்பியவரின் களை. பிடிக்கப் போனது என்னவோ ஆறடி அகலம்தான்.

நூறு வயதைத் தாண்டிய வீடு அது. ஒன்பதடி அகலம், ஐம்பதடி நீளம். எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் பின்னோக்கி நடந்தாக வேண்டும். கல்யாணமான இருபது வருடத்தில் பின்னோக்கி நடந்தவர் எப்போதும் மாஸ்டர்தான். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். வெளிச்சம் என்று ஒன்று வருவது மாடி முன்னறை ஜன்னல் வழியாக மட்டும். ஏழு பட்டை வண்ணக் கண்ணாடி பதித்த ஜன்னல். மாலை நாலு மணி வெயில் அதில் இறங்கினால் ஏழு நிறமும் தரையில் மெல்ல மெல்ல நகரும். மாஸ்டர் அதைப் பார்த்தபடி கையிலிருக்கும் காப்பியை மறந்துவிடுவார்.

அந்த ஜன்னலுக்குத்தான் போட்டி. அவருடைய மனைவி தையல்காரி. தெருவே டெய்லரம்மா என்று கூப்பிடும். நடு அறை இருட்டில் மிஷினைப் போட்டு, கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டி ஓட்டி அவளுக்குக் கண் பூத்துப் போயிருந்தது. ஊசியில் நூல் கோர்க்க நாலு தடவை ஆகும். நாலாவது தடவை ஊசியைத் திட்டுவாள். ஐந்தாவது தடவை மாஸ்டரை.

"என்னங்க, தரையில என்ன கோடு?"

"கோடு இல்லடி, சுவர். இந்தப் பக்கம் ஆறடி, ஜன்னலோட சேத்து, என் அறை. அந்தப் பக்கம் மூணடி உன் மிஷினுக்கு. ஆறு வாரம் கழிச்சு கொத்தனார் வந்து கட்டித் தருவார்."

"உங்க அறையில என்ன பண்ணப் போறீங்க?"

"யோசிக்கப் போறேன்."

"எதைப் பத்தி?"

"அதைத்தான் உள்ள உக்காந்து யோசிக்கணும்."

"ஆறடி அறையா? ஆறு அடி, ஒரு அறை. போலீஸ் ஸ்டேஷன்லதான் இப்படிக் குடுப்பாங்க. சரி, அளந்தீங்களா? என்கிட்ட டேப் இருக்கு."

மாஸ்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. "துணி அளக்கிற டேப்பால வீட்டை அளக்கிறதா? முப்பது வருஷமா கோடு போடறவன் நான். என் கண்ணே ஸ்கேல்!"

"தினம் கூட்டித் துடைக்கிறவ நான். கோடு அழிஞ்சுதுன்னா?"

"அழிஞ்ச இடத்துலயே திரும்பப் போட்டுடு. உன்கிட்டதான் தையல் சாக் இருக்கே."

"சரிங்க," என்றாள்.

இத்தனை சீக்கிரம் அவள் சரி சொன்னால் சுதாரித்துக்கொள்ள வேண்டும். மாஸ்டர் அதற்குள் கனவுக்குள் போய்விட்டார்.

கொத்தனார் வரும்வரை காத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை. கோட்டுக்குள் ஒரு சாய்வு நாற்காலியைப் போட்டுக் குடியேறினார். கோட்டை யாரும் தாண்டக் கூடாது, சுவர் என்றால் சுவர் என்று சட்டமும் போட்டார். டெய்லரம்மா அந்தச் சட்டத்துக்கு அப்படியொரு மரியாதை கொடுத்தாள். காப்பி கொண்டுவந்தால் கோட்டுக்கு வெளியே நின்று, "டொக், டொக்," என்று வாயாலேயே கதவைத் தட்டுவாள். மாஸ்டருக்கு உள்ளம் குளிர்ந்துவிடும். மாலையில் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தால் சுவர் எழும்பும், அலமாரி முளைக்கும், அவர் இன்னும் வரையாத படமெல்லாம் சட்டத்தோடு வந்து மாட்டிக்கொள்ளும். சிவப்பு அவர் பாதத்தில் ஏறி நீலமாகி இறங்கும். இப்படி ஒரு சுகம் உலகத்தில் இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போனதே என்று உண்மையாகவே அங்கலாய்த்துக்கொண்டார். தரையில் நிறம் நகர்வதைப் பார்த்த மனிதர், கோடு நகர்வதைப் பார்க்கவில்லை.

மூன்றாவது வாரம் முழங்கை எதிலோ இடிக்கிற மாதிரி இருந்தது. சாக்பீஸ் சுவர் இடிக்காதுதான். ஆனாலும் இடித்தது.

"ஏண்டி, அறை சின்னதான மாதிரி இல்ல?"

"அறை எங்கயாவது சுருங்குமா? சட்டை எப்படி இருக்கு?"

மாஸ்டர் பொத்தானை இழுத்துப் பார்த்தார். "பிடிக்குது."

"சட்டையும் பிடிக்குது, அறையும் பிடிக்குது. அப்ப மாறினது யாரு?"

கணக்கு நேராக இருந்தது. மாஸ்டர் அன்றிலிருந்து பாதிச் சாப்பாடு. விடிகாலையில் நடை. பள்ளிக்கூடத்தில் தேவையே இல்லாமல் நாலு தடவை மாடி ஏறி இறங்கினார். என்ன செய்து என்ன, வாரத்துக்கு வாரம் சட்டை இறுகியது. காற்றைக் குடித்தால்கூட உடம்பு போடும் ஜாதகம் போலிருக்கிறது என்று நொந்துகொண்டார். அறையை விட்டுக்கொடுக்க மட்டும் மனம் வரவில்லை.

ஆறு வாரம் ஆனது. பரீட்சை மேற்பார்வைக்குப் போய்விட்டு மாஸ்டர் திரும்பியபோது சுவர் எழுந்து நின்றது. கொத்தனார் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"உங்க கோட்டுக்கு ஒரு நூல் பிசகல சார். பாருங்க, நூல் பிடிச்ச மாதிரி!"

மாஸ்டர் உள்ளே போனார். பக்கவாட்டில்தான் போக முடிந்தது. இவ்வளவா பெருத்துவிட்டோம் என்று வெட்கப்பட்டு, ராத்திரிச் சாப்பாட்டையும் விட்டுவிட்டார்.

மறுநாள் காலை சட்டையைப் போட்டார். அது தொளதொளவென்று தொங்கியது. ஒரே ராத்திரியில் இப்படி இளைக்க முடியுமா? கழற்றி உள்பக்கம் திருப்பினார். ஓரத் தையலை ஒட்டி, பிரித்த ஊசித் துளைகள் வரிசையாக இருந்தன. முப்பது வருடம் கோடு போட்ட கண் ஒவ்வொன்றாக எண்ணியது. ஆறு வரிசை. வாரத்துக்கு ஒன்று.

சட்டையைத் திரும்ப மாட்டிக்கொண்டு, முதல்முறையாக அவளுடைய டேப்பை எடுத்துக்கொண்டு போய் அறையை அளந்தார். இரண்டரை அடி. ஏழு பட்டைக் கண்ணாடியில் அவர் பங்குக்குப் பச்சை ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

"ஆறடி எங்கடி?"

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. "தினம் துடைக்கையில ஒரு அங்குலம் பிடிச்சேங்க. தைக்கிறவ கை, பிடிச்சே பழகிடுச்சு."

"சட்டை?"

"வேலை முடிஞ்சுதுன்னு நேத்தே பிரிச்சு விட்டுட்டேன். சுவரைத்தான் பிரிக்க முடியாது, கொத்தனார் கெட்டித் தையலாப் போட்டுட்டார். அப்புறம், ஆறடிக்கு என்ன அவசரம்? அது எல்லாருக்கும் கடைசியில கிடைக்கும்."

மாஸ்டர் சண்டைக்குத் தயாராகத் தலையை வெளியே நீட்டினார். டெய்லரம்மா ஜன்னலடியில் உட்கார்ந்து ஊசியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். கறுப்பு நூல். ஒரே தடவையில் கோர்த்துவிட்டாள். கோர்த்ததை நம்பாமல் ஒருமுறை இழுத்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள். இருபது வருடத்தில் அவளை இந்த வெளிச்சத்தில் அவர் பார்த்ததில்லை. திட்ட எடுத்துவந்த வார்த்தையெல்லாம் மறந்துபோயிற்று. தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, நாற்காலி விரிக்க இடமில்லாததால் நின்றபடியே, பச்சை வெளிச்சத்தில் கண்ணை மூடினார். நின்றுகொண்டும் யோசிக்கலாம் போலத்தான் இருந்தது.

அப்போது அளவு கொடுக்க ஒரு பெண் படியேறி வந்தாள். கதவில்லாத அந்தச் சந்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அலமாரி நல்லா இருக்கேக்கா! ஆனா இவ்ளோ பெரிய சட்டையை இந்த ஒல்லி ஹேங்கர்ல மாட்டினா தோள் தொங்கிடாதா?"

"அது ஹேங்கர் இல்லம்மா," என்றாள் டெய்லரம்மா, தலை நிமிராமல். "எங்க வீட்டுக்காரர்."