கதைத் திருடிக்கு ஒரு சாபம்

அன்று காலை கோதண்டம் ஒரு பெரிய முடிவெடுத்தான். இனிமேல் தரையில் உட்கார்ந்து கதை எழுதுவதில்லை.

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில் இறால் பிடிப்பவன் அவன். வலைக்கு வேலையில்லாத நாட்களில் பேய்க்கதை எழுதி ஓர் இணைய இதழுக்கு விற்பான். எழுதுவான் என்பது மரியாதைக்கு. அவன் பேசுவான், செல்போன் எழுதிக்கொள்ளும். பேய்க்கு ஒரு குரல், பேயிடம் மாட்டியவனுக்கு ஒரு குரல். மாட்டியவன் குரல்தான் இயல்பாக வரும். கல்யாணமாகி வருஷம் பல ஆகிவிட்டதல்லவா.

கொஞ்ச நாளாக ஒரு கிலி. இதழில் வெள்ளிக்கிழமை வரவேண்டிய கதை, வியாழக்கிழமையே ‘நீர்க்குரல்’ என்ற இணையச் சேனலில் வந்துவிடுகிறது. படம் கிடையாது. கறுப்புத் திரை. தண்ணீருக்கடியில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஒரு கிழவியின் குரல். சொல்லுக்குச் சொல் அவன் கதை. அவன் இருமிய இடத்தில் அவளும் இருமினாள்.

பாஸ்வேர்டை மாற்றினான். பத்திக்குப் பத்தி தன் பெயரை நுழைத்தான். கிழவி பெயரை மட்டும் முழுங்கிவிட்டு மிச்சத்தை வாசித்தாள்.

இதழாசிரியர் போன் செய்தார். “அடுத்த கதையும் அங்கதான் முதல்ல வந்துச்சுன்னா, திருடர் நீங்கதான்னு அறிவிச்சுடுவோம் சார்.”

“மெய்யாலுமே பேய்தான், கலை,” என்று மனைவி கலைவாணியிடம் புலம்பினான். “நான் மனசுல நெனைக்கிறது அதுக்குத் தெரியுது.”

அவள் நண்டு கழுவிக்கொண்டிருந்தாள். “உன் மனசுல பூந்து அது இன்னாத்த பாக்கும்? பாவம், அதுக்கும் பொழுது போவணும்ல.”

“வெளையாடாதடி. அந்தப் பேய் ஆம்பளையா இருந்தா ஒதச்சிருப்பேன்.”

“நீயா? பூனைக்குப் பயந்து கட்டில் மேல ஏறினவன் யாருய்யா?”

“அது கறுப்புப் பூனை.”

“சரி, ஏரி நடுவுல போயி எழுது. அங்க யாரு வந்து ஒட்டுக் கேக்கப் போறா?”

போனான்.

மார்கழிப் பனி. கரை காணவில்லை, வானம் காணவில்லை. காற்று அடங்கி, ஏரி மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. படகை நிறுத்தி, எல்லாக் குரலிலும் கத்திக் கதையை முடித்தான். பிறகு யாரும் திருடாதபடி அதற்கு ஓர் ஆணையால் பூட்டுப் போட்டான். கை நிறைய ஏரித்தண்ணீரை அள்ளினான்.

“எல்லைத்தாயி மேல ஆணை! இந்தக் கதையத் திருடுனவ புருசன இந்த ஏரி எடுத்துக்கட்டும்!”

பெண்பாவம் வேண்டாமென்று புருஷன் தலையில் தள்ளிவிட்டான். தண்ணீரை ஏரியிலேயே விட்டான். குப்பத்தின் காவல் தெய்வம் எல்லைத்தாயி; அவள் பேரில் விடும் ஆணை விளையாட்டு இல்லை. இன்றைக்கு யார் எங்கே வலை விடுவது என்ற சண்டைகூட இந்தக் கைத்தண்ணீரில்தான் தீரும். விட்ட ஆணையைத் திரும்ப வாங்கியவன் கிடையாது.

பனிக்குள்ளிருந்து பதில் வந்தது.

“எல்லைத்தாயி மேல ஆணை...”

அதே கிழவி.

துடுப்பு கையை விட்டு நழுவியது. படகு தானாக நகர்ந்தது, குரலை நோக்கி. “...திருடுனவ புருசன...” அடிப்பலகை மணலில் உரசி நின்றது. கோதண்டம் எட்டிப் பார்த்தான்.

கரையில் தலையில்லாத ஒரு பெண் குனிந்து நின்றிருந்தாள்.

அவன் போட்ட அலறலில் கொக்குகள் கிளம்பின. அந்த உடம்பு நிமிர்ந்தது. இறால் போடும் நீல டிரம்முக்குள்ளிருந்து ஒரு தலை வெளியே வந்தது; கிழவிக் குரலும் அதோடு நின்றது. கையில் போன். கலைவாணி.

“நீயாடி!”

“காத்து அடங்கினா ஏரியில தும்முனாக்கூட கரைக்குக் கேக்கும். மீன் புடிக்கிறவனுக்கு இதுகூடவா தெரியாது?”

“ஊட்டுல ரகசியமாத்தான பேசினேன்?”

“நீ போர்வைக்குள்ள கத்துறது தெருவுக்கே கேக்குது.”

“ஏன்டி இப்படிப் பண்ண?”

“நீ பேய் மாதிரி பேசுனா சிரிப்பு வருதுய்யா. நல்ல கதை வீணாப் போவுதேன்னுதான்.”

கோதண்டம் படகிலிருந்து குதித்தான். “இப்பவே ஆசிரியர்கிட்ட சொல்றேன். திருடி நீதான்னு!”

“சொல்லேன்.” அவள் டிரம்மைத் தட்டினாள். “திருடி புருசன் யாருன்னு ஏரி கேக்கும். அதையும் சொல்லிடு.”

கோதண்டம் ஏரியைத் திரும்பிப் பார்த்தான். காற்றே இல்லாத ஏரியில் ஒரு சின்ன அலை கிளம்பி வந்து அவன் கணுக்காலைத் தொட்டுப் பார்த்தது.

“கலை... ஆணைய விட்டுட்டேனே. இப்ப இன்னா பண்றது?”

“திருடினாத்தான சாபம்? நீயா குடுத்துட்டா?”

“குடுத்துட்டேன்! இந்தக் கதை உனக்குத்தான்!”

இன்னொரு அலை. முழங்கால்வரை நனைந்தது.

“பழசு?” என்றாள்.

“சாபம் இந்தக் கதைக்குத்தானடி!”

“அது உனக்குத் தெரியும். ஏரிக்குத் தெரியுமா?”

“எல்லாத்தையும் குடுத்துட்டேன் தாயே! வரப்போறதையும் சேத்து!”

அவன் கத்தியது டிரம்முக்குள் புகுந்து சுற்றிச் சுற்றி ஒலித்தது. கலைவாணி போனில் பதிவை நிறுத்தினாள். ஏரி அடங்கியது.

கோதண்டம் ஈரக் காலோடு மணலில் உட்கார்ந்தான். “என் பேரையாவது போடுவியா?”

“போடாம? நான் இன்னா திருடியா?” என்றாள் கலைவாணி. “‘கதை, குரல்: கலைவாணி. படகு: கோதண்டம்.’”