ஆற்று மணலில் நான் போட்ட சத்தம்

விருத்தாசலம்,
1976 மே, ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய மாமா அவர்களின் பாதங்களுக்கு, அக்கா மகன் விருத்தகிரி குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொள்ளும் கடிதம். இங்கு நானும் ஆதிலட்சுமியும் பிள்ளைகளும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கே அத்தையின் முழங்கால் வலி தேவலையா, கிணற்றில் தண்ணீர் கிடக்கிறதா, சினைமாடு கன்று போட்டுவிட்டதா என்பதற்கெல்லாம் பதில் எழுதவும். என்மேல் உள்ள கோபத்தில் எழுதாமல் இருந்துவிட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் வருகிறவர்கள் யாராவது இதற்குள் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். உங்கள் அக்கா மகன் ஆற்றில் நின்று தனியாகக் கத்துகிறான், அவனைப் போலீஸ் பிடித்துவிட்டது, வேலையும் போய்விட்டது என்று ஊரில் பேச்சு. மாமா, இதில் கத்தியது மட்டும்தான் உண்மை. தனியாக என்பதுகூடச் சரியில்லை, நல்ல கூட்டம் இருந்தது. மற்றதை நான் சொல்லி நீங்கள் கேட்பதுதான் முறை என்பதால், வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

நீங்கள் சிபாரிசு செய்து வாங்கிக் கொடுத்த வேலை என்பதால் அந்தப் பீங்கான் கம்பெனியில் இத்தனை வருஷமாக நான் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. உங்களிடம் கணக்குப் படித்த கோதண்டபாணி சார்தான் இப்போதும் மானேஜர். சரக்கு அனுப்பும் பிரிவில் முன்பு இரண்டு கிளார்க்குகள் இருந்தோம். கூட இருந்தவர் ரிட்டையர் ஆனதும் அவருடைய நாற்காலியை எடுத்துப் போனார்கள், அவருடைய வேலையை மட்டும் என் மேஜையில் விட்டுப் போனார்கள். ப்யூஸ் கட்டையையும் டீக் கோப்பையையும் வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்கி லாரியில் ஏற்றுவது எங்கள் பிரிவு. இந்த வருஷம் சிக்கனம் என்று வைக்கோலைக் குறைக்கச் சொன்னார்கள். வைக்கோல் குறைந்ததும் உடைசல் கூடியது. உடனே உடைசலையும் குறைக்கச் சொன்னார்கள். சரக்கு வாங்கியவர் மானேஜரைத் திட்ட, மானேஜர் என்னைத் திட்ட, நான் போய்ப் பெட்டி அடுக்குகிறவர்களை நிதானமாக அடுக்கச் சொல்ல, அவர்கள் நிதானமாக அடுக்க, நேரமாகிறது என்று லாரி டிரைவர் என்னைத் திட்ட, இவர்கள் எல்லோருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றே ஒன்றுதான், சரிங்க. பேச்சைக் குறைத்து உழைக்கச் சொல்லி இப்போது கம்பெனி வாசலில் போர்டு மாட்டியிருக்கிறார்கள். அதன்படி நடந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

இப்படி விழுங்கியதெல்லாம் வயிற்றில் போய் எரிய ஆரம்பித்தது. சோறு இறங்கவில்லை. தூக்கத்திலும் நான் சரிங்க சார், சரிங்க சார் என்று சொல்வதாக ஆதிலட்சுமி சொன்னாள். எதற்குச் சரி என்று ஒப்புக்கொண்டேனோ தெரியவில்லையே என்று எனக்குக் காலையில் வேறு பயம் வந்துவிடும். கடைசியில் டாக்டரிடம் போனேன். அவர் நாக்கைப் பார்த்து, கண்ணைப் பார்த்து, வேலையைப் பற்றி விசாரித்துவிட்டு, பாலும் பழமும் டானிக்கும் சாப்பிடு, இல்லாவிட்டால் பத்து நாள் எங்கேயாவது மலைப்பக்கம் போய் இரு, அதுவும் முடியாவிட்டால் மனதில் இருப்பதை ஆளில்லாத இடமாகப் பார்த்து வாய்விட்டுக் கொட்டிவிட்டு வா என்றார். இதில் காசில்லாத வைத்தியம் எது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் குடும்பச் சிக்கனம் உங்களுக்குத் தெரியும். நீங்கள் கற்றுக் கொடுத்ததுதான். மாலைக் காப்பியை நிறுத்தியாகிவிட்டது. பேப்பரை முடிவெட்டும் கடையில் படித்துவிடுகிறேன். ஆதிலட்சுமிக்கு வாரம் வாங்கும் பூ நின்றுவிட்டது, அவள் சேத்தியாத்தோப்புக்கு அம்மா வீடு போய்வருவதும் பஸ் செலவு பார்த்துத் தள்ளிப் போய்க்கொண்டிருக்கிறது. வீட்டுக் கவலையைக் கம்பெனிக்கும் கம்பெனிக் கவலையை வீட்டுக்கும் கொண்டு போகக் கூடாது என்பது என் கொள்கை. ஆகவே இரண்டுக்கும் நடுவில் இருக்கிற மணிமுத்தாற்றுக்குக் கொண்டு போனேன்.

கோடையில் ஆறு வெறும் மணல். பாலத்தைத் தாண்டி, ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து, வேலை விட்டு வரும்போது போய் நின்றேன். முதல் நாள் வாய் வரவில்லை. வெறும் மணலைப் பார்த்து, சார், மன்னிக்கணும், வைக்கோல் விஷயமா ஒண்ணு சொல்லலாமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் கொஞ்சம் காத்திருந்து, வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அடுத்த நாள் மன்னிக்கணும் என்பதை விட்டேன். அதற்கடுத்து சார் என்பதையும் விட்டேன். பிறகு ஒருநாள் திடீரென்று வயிற்றின் அடியிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது பாருங்கள் மாமா, அது என் குரல்தானா என்று நானே திரும்பிப் பார்த்தேன். கரையில் மேய்ந்த மாடு நிமிர்ந்து பார்த்தது. கோதண்டபாணி சார் எதிரில் நிற்பதாக நினைத்துக்கொண்டு நான் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் ரசத்தில் இரண்டாந்தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன், விடிகிறவரைக்கும் புரளாமல் தூங்கினேன். டாக்டருக்குக் கோயில் கட்டலாம் என்று தோன்றியது.

அத்துடன் நின்றிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. ஆற்றில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுக்க வருகிறவர்களை நான் கணக்கில் எடுக்கவில்லை. எங்கள் தெருவில் இருக்கிற வீரம்மாள், கம்பெனியில் கோப்பைக்குக் காது ஒட்டுகிறவள், ஒருநாள் குடத்தை நிரப்பிவிட்டும் போகாமல் குடத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் வெட்கப்பட்டு நிறுத்தியதும், நீங்க பேசுங்க அண்ணே, நான் சும்மாதான் குந்தியிருக்கேன் என்றாள். மறுநாள் எங்கள் பிரிவில் பெட்டி தூக்குகிற பாவாடை என்பவனை அழைத்து வந்துவிட்டாள். பாவாடை ஆறடி உயரம், கம்பெனியில் அவன் பேசி யாரும் கேட்டதில்லை. அவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு என் எதிரில் வந்து நின்றான்.

"சார், எனக்கும் ஒரு வரி சேத்துக்குங்க. எனக்குக் கோவம் வருது, வார்த்தை வர மாட்டேங்குது" என்றான்.

நான் யாருக்குத்தான் முடியாது என்று சொன்னேன், அவனுக்குச் சொல்ல. சரிங்க என்றேன். அவனுக்காகக் கத்தினேன், அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான். அதன் பிறகு தினம் யாராவது வந்தார்கள். சூளையில் வேலை செய்கிறவர்களுக்குச் சூடு, களிமண் மிதிக்கிறவர்களுக்குக் கால் புண். ஒருவருக்கு மாமனார். கம்பெனி விஷயம் மட்டும்தான் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. வேர்க்கடலைக்காரன் வந்து கூடையை இறக்கினான். நான் நேரத்துக்குப் போகாவிட்டால் வீட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். யாருடைய குறையை முதலில் கத்துவது என்பதில் சண்டை வந்தது. அதற்கும் இரண்டு பக்கமும் என்னைத்தான் திட்டினார்கள். ஆற்றிலும் எனக்கு ஓவர்டைம் ஆகி, நின்றிருந்த வயிற்றெரிச்சல் திரும்ப வந்துவிட்டது.

போலீஸ் வந்ததும் உண்மைதான். இந்த எமர்ஜென்சிக் காலத்தில் நாலு பேர் கூடினாலே பயம், தொப்பியைப் பார்த்ததும் கேட்பதற்கு முன்பே சரிங்க என்றேன். கான்ஸ்டபிள் காத்தவராயன் என்னைத் தனியே அழைத்துப் போய், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தன்னுடைய ஏட்டய்யாவைப் பற்றி, பெயரைச் சொல்லாமல், ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். ஊர்க்காரர்கள் நான் அவருடன் போனதை மட்டும் பார்த்திருக்கிறார்கள்.

இனி எழுதப் போவதுதான் உங்கள் முகத்தில் விழிக்க முடியாமல் செய்த விஷயம். மாமா, கூட்டம் சிரிக்கச் சிரிக்க எனக்கு ஆசை வந்துவிட்டது. வயிற்றெரிச்சலுக்காகக் கத்தியது போய், அவர்களைச் சிரிக்க வைக்கக் கத்த ஆரம்பித்தேன். கோதண்டபாணி சார் இருமுவதைப் போல் இருமிக் காட்டினேன், நடப்பதைப் போல் நடந்து காட்டினேன். அதெல்லாம் பழகிப் போய்ச் சிரிப்புக் குறைந்த ஒரு நாள், நீங்கள் என் கல்யாணத்துக்கு வந்திருந்தபோது என்னிடம் மட்டும் சொன்ன விஷயத்தை எடுத்து விட்டேன். நம்மிடம் உடைசல் கணக்குக் கேட்கிற இந்த மானேஜர் பள்ளிக்கூடத்தில் கணக்கில் பெயிலாகி, எங்கள் மாமாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதவர் என்று, அழுதும் காட்டினேன். அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. பாவாடை மணலில் புரண்டான். பிறகு சிரிப்பு ஓரத்திலிருந்து ஒவ்வொருவராக நின்றுகொண்டே வந்தது. ஏன் என்று நான் நிமிர்ந்து பார்த்தால், கூட்டத்துக்குப் பின்னால் கோதண்டபாணி சார் நிற்கிறார்.

அவர் திரும்பி நடந்தார். மணலில் ஒரு செருப்புப் புதைந்துகொண்டது, அதைக் குனிந்து எடுக்காமல் ஒற்றைச் செருப்போடு கரை ஏறிப் போய்விட்டார். குனிந்தால் நாங்கள் பார்ப்போம் என்று நினைத்திருப்பார். கூட்டம் கலைந்துவிட்டது. அந்தச் செருப்பை நான்தான் எடுத்து வந்தேன். வீட்டில் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் செருப்பைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு அவருடைய அறைக்குப் போனேன். ராஜினாமா எழுதித் தரச் சொல்வார் என்று நினைத்திருந்தேன். அவர் பொட்டலத்தை வாங்கி மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு என்னை உட்காரச் சொன்னார். அத்தனை வருஷத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"நான் அழுததை வாத்தியாரா சொன்னாரு?" என்று கேட்டார்.

"ஆமாங்க சார்."

"எதுக்கு அழுதேன்னு சொன்னாரா?"

"பெயிலானதுக்குன்னு நெனச்சேங்க."

"பெயிலானதும் எங்கப்பா படிப்ப நிறுத்திட்டாரு. வாத்தியாரு எங்க வூட்டுக்கு வந்தாரு. எங்கப்பா அவர வாசல்லயே நிக்க வெச்சுப் பேசக் கூடாதது எல்லாம் பேசினாரு. அவரு கேட்டுக்கிட்டு நின்னாரு. மறுநாளும் வந்தாரு. ஸ்கூலுக்குத் திரும்பிப் போன அன்னிக்கு அவரு காலப் புடிச்சேன். அதத்தான் நீ நடிச்சுக் காட்டுன."

மாமா, நீங்கள் இதை என்னிடம் சொல்லவே இல்லை. உங்களைப் பற்றிய பாதியை விட்டுவிட்டு அவரைப் பற்றிய பாதியை மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். நான் அதைக் கொண்டுபோய் வேர்க்கடலைக் கூடைக்கு முன்னால் விற்றுவிட்டேன். நாற்காலியில் உட்கார முடியாமல் எழுந்து நின்றுவிட்டேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தால் பழக்க தோஷத்தில் சரிங்க சார் என்றுதான் வந்தது. அவர், வைக்கோலைக் குறைக்கச் சொன்னது தான் இல்லை என்றும், தன்னிடமும் மேலிடத்தில் கத்துகிறார்கள் என்றும், இனிமேல் சொல்வதாக இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு தன்னிடமே வந்து சொல்லலாம் என்றும் சொன்னார். வேலை இருக்கிறது மாமா. அந்த வாரமே வைக்கோல் ஒரு வண்டி கூடுதலாக வந்தது. அது எனக்குச் செருப்பால் அடித்தது போல் இருந்தது. சனிக்கிழமைகளில் கதவைச் சாத்திக்கொண்டு எதிரில் உட்கார்கிறேன். இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. டீ குடித்துவிட்டு வருகிறேன். ஆனாலும் வயிறு முன்போல் எரிவதில்லை.

ஆகவே மாமா, நீங்கள் என்னைப் பெரிய மனது பண்ணி மன்னிக்க வேண்டும். உங்கள் பெயர் இந்த ஊரில் கெடவில்லை, கெட்டது என் பெயர்தான். ஆற்றுப் பக்கம் போவதை அடியோடு விட்டுவிட்டேன். நம் குடும்பத்துக் குரல் இனி அந்த மணலில் கேட்காது, இது சத்தியம். வீட்டைப் பொறுத்தவரை ஒரு குறையும் இல்லை. ஆதிலட்சுமி பொறுமைசாலி, இத்தனை நடந்தும் அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். ஸ்ரீமுஷ்ணம் பூவராகசாமி உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும் எனக்கு உங்கள் முகத்தைப் பார்க்கும் தைரியத்தையும் கொடுக்கட்டும்.

என்றும் உங்களுக்குக் கட்டுப்பட்ட,
விருத்தகிரி

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் வீரம்மாள் ஓடி வந்து, அண்ணி ஆத்துல நிக்கிறாங்க அண்ணே என்றாள். தண்ணீருக்குத்தானே என்றேன். குடம் கொண்டு போகவில்லை என்றாள். போய்ப் பார்த்தேன். நான் நின்ற அதே இடத்தில் ஆதிலட்சுமி நிற்கிறாள், எனக்கு வந்ததைவிடப் பெரிய கூட்டம். மாமா, கல்யாணமான நாளிலிருந்து அவள் என் பெயரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் வீட்டுக்காரர் பெயர் கேட்டால் கோயில் கோபுரத்தைக் கை காட்டுவாள், அந்தச் சாமியின் பெயர்தானே எனக்கு, அவர்களாகவே விருத்தகிரி என்று எழுதிக்கொள்வார்கள். அவள் இன்றைக்கு, ஏ விருத்தகிரி என்று அக்கரை வரைக்கும் கேட்கும்படி கூப்பிட்டு, சிக்கனம் என்று தீக்குச்சியைக்கூடப் பிளேடால் இரண்டாகப் பிளக்கச் சொல்கிறாயே, நீ ஒரு மனுஷனா என்று ஆரம்பித்தாள். "உன் வயித்தெரிச்சல ஆத்துல கொட்டிட்டு வந்து நீ தூங்கிட்ட. நான் எங்க போயிக் கொட்டுவேன்?" என்று அவள் கேட்டபோது ஒருவரும் சிரிக்கவில்லை. பாவாடை மட்டும் என்னைப் பார்த்துவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தான். உட்கார்ந்து கடைசி வரைக்கும் கேட்டேன். வீட்டுக்கு வந்து அவள் நன்றாகச் சாப்பிட்டாள், சாப்பிட்டீங்களா என்று என்னையும் கேட்டாள், படுத்ததும் தூங்கிவிட்டாள். நாளைக்கும் போவாளாம். அவளுக்குப் புத்தி சொல்ல அத்தையை ஒரு வாரம் அனுப்பி வையுங்கள் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். யோசித்துப் பார்த்தேன். எனக்குச் சிக்கனம் கற்றுக் கொடுத்தவரோடுதான் அத்தையும் இத்தனை வருஷமாகக் குடித்தனம் செய்கிறார். அத்தையை அனுப்ப வேண்டாம் மாமா.