ஊசி விஷம் இறக்கும் சாமி

புதன்கிழமை சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி. வியாழக்கிழமை ஓரிக்கையில் கலைவாணன் சாமிக்கு அறுவடை. ஊசி ஏற்றிய விஷத்தைத் தொடையிலிருந்து இறக்குவாராம்! காஞ்சிபுரத்தில் கோயிலுக்கா பஞ்சம்? ஆனாலும் புதுச் சாமி என்றால் நம் சனங்களுக்குத் தனி ருசி.

வீங்கிய தொடையில் மஞ்சள் பூசுவார். 'தீர்த்தத்தில்' நனைத்த வெள்ளைத் துணியால் துடைப்பார். துணி ரத்தச் சிவப்பாகும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பட்டுக்குச் சாயம் தோய்க்கிற ஊர் இது. அரக்குக்கும் மெரூனுக்கும் அரைமணி நேரம் சண்டை போடுகிறவர்கள், இந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை.

அன்று துர்காதேவியைக் கணவன் தணிகாசலம் இழுத்து வந்திருந்தான். மடியில் ஒன்றரை மாதக் குழந்தை அனலாய்க் கொதித்தது. நர்ஸ் கொடுத்த காய்ச்சல் மருந்து பையிலேயே கிடந்தது. மருந்து கொடுத்தால் விஷம் உள்ளே தங்கிவிடும் என்பது சாமியின் வாக்கு. பாவி, பச்சைப் பிள்ளையிடமா வித்தை?

துணி சிவந்தது. "பாத்தியாம்மா விஷத்த? இனிமே எந்த ஊசியும் வேணாம். புள்ள தாங்காது," என்றார் சாமி.

துர்காதேவி துணியை உற்றுப் பார்த்தாள். "இது ஆரத்தித் தண்ணி கலர் ஆச்சே! நாத்தனார் கல்யாணத்துக்கு நான்தானே கரைச்சேன். மஞ்சள்ல சுண்ணாம்புத் தண்ணி பட்டா இப்பிடித்தான் செவக்கும்."

"வாய மூடுடி, சாமி குத்தம் ஆயிடும்!" என்றான் தணிகாசலம்.

குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டு அவள் எழுந்தாள். சாமி வீட்டு வாசலில் தொங்கிய திருஷ்டிப் பூசணிக்காயில் மஞ்சளைப் பூசினாள். வேறொரு வெள்ளைத் துணியைத் தீர்த்தத்தில் நனைத்துத் துடைத்தாள். பளிச்சென்று சிவப்பு!

"சாமி, பூசணிக்காய்க்கு யாரு ஊசி போட்டது?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "அது... ஊர் திருஷ்டியெல்லாம் வாங்கிக்கினு இருக்குதுமா," என்றார் சாமி.

"அப்ப உங்க கைய நீட்டுங்க, அதையும் பாத்துடலாம்."

சாமி கையை நீட்டவில்லை. உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார்.

"அப்ப பக்கத்து வூட்டுப் புள்ளைக்கு ஜுரம் எப்பிடி எறங்குச்சு?" என்றான் தணிகாசலம்.

"ஒருநாள் ரெண்டுநாள்ல தானா எறங்கும், எறங்கலன்னா தூக்கினு வாங்கன்னு நர்ஸம்மா சொன்னாங்களே, காதுல வாங்குனீங்களா?"

அங்கேயே, நர்ஸ் சொன்ன அளவில் மருந்தைக் குழந்தையின் வாயில் விட்டாள். அடுத்த ஊசி எப்போது என்று தணிகாசலம் மெல்லக் கேட்டான்.

கூட்டத்தில் ஒருத்தர் மட்டும் பூசணிக்காயையே வெறித்துக்கொண்டிருந்தார். "அதுக்குள்ளயும் விஷம் இருந்திருக்குது பாரேன்!"

மகாசனங்களே, ஏமாறாமலிருக்க எந்த நர்ஸும் உங்களுக்கு ஊசி போடமாட்டார். அதற்கு நீங்களேதான் யோசிக்க வேண்டும். யோசித்தால் வீக்கம் வராது, காய்ச்சலும் வராது, பயப்படாமல் யோசியுங்கள்!