மருதத்தில் போட்ட கிடை

எனக்கு இடம் பார்க்கத் தெரியாது. பஸ்ஸில் ஏறினால் வெயிலடிக்கிற பக்கத்து ஜன்னலில்தான் உட்காருவேன். கல்யாணப் பந்தியில் பாயச வாளி காலியாகிற வரிசை எதுவோ, அதுதான் என் வரிசை. இப்படிப்பட்ட நான்தான், கல்யாணமான புதிதில், மாமனார் மாமியாரைக் கூட்டிக்கொண்டு காரில் ஊர் சுற்ற, வழியில் கூடாரம் போடும் இடங்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை வாங்கிக்கொண்டேன். (யாரும் கொடுக்கவில்லை. நானாக வாங்கிக்கொண்டதுதான்.)

திட்டம் ரொம்பப் பெரியது. பள்ளிக்கூடத்தில் படித்த ஐந்திணையும் எங்கள் சங்கரன்கோவிலில் இருந்து எட்டிப்பிடிக்கிற தூரத்தில்தான் இருக்கிறது. வயல், மலை, காடு, தேரி மணல், கடல். திணைக்கு ஒரு ராத்திரி. மருதத்தில் தொடக்கம், நெய்தலில் முடிவு.

அந்த நெய்தலுக்காகத்தான் அத்தை சம்மதித்தாள். திருச்செந்தூரில் கூட்டத்துக்கு நடுவே எக்கிப் பார்த்ததோடு சரி, அவள் கடலை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை.

"ஆளு இல்லாத கடக்கரையில ஒரு தடவ சும்மா உக்காந்திருக்கணும்ட்டி" என்றாள். ஒரு வாரம் முன்னாலேயே பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள்.

மாமா வேறு ரகம். வீட்டுக்குப் பின்னாலேயே விசைத்தறி. ராத்திரி முழுக்கத் தறி ஓடினால் நிம்மதியாகத் தூங்குவார். கரண்ட் போய் அது நின்றால் பதறி எழுந்திருப்பார்.

"எம்மா, சத்தமில்லாத எடத்துல எனக்கு உறக்கம் வராது. ஒனக்காவ ஒரு நாளு வாரேன். மொத எடம் சரிப்படலேன்னா விடிஞ்சதும் வண்டி வீட்டுக்குத்தான் திரும்பும்."

ஆக, அத்தையின் கடல் என்னுடைய முதல் வயலை நம்பி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் கரிவலம்வந்தநல்லூர் பக்கம் போய்த் தேடினேன். அறுவடை முடிந்த வயல், ஓரத்தில் குளம், கரையில் பனைகள், மேற்கே நீலமாக மலை. வாயைப் பிளந்து நின்றபோது வயல்காரர் பைக்கில் வந்தார்.

"நீங்கதானா? வெள்ளிக்கெழம வாரதாச் சொன்னாவளே."

வெள்ளிக்கிழமை பயணம் கிளம்புகிறோம் என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டிருந்தேன். என் புகழ் கரிவலம் வரை பரவிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

"ஆமா அண்ணாச்சி, நாங்கதான்."

"எத்தன பேரு தங்குவிய?"

"நாலு பேரு. மத்ததெல்லாம் பின்னால வரும்." (சட்டி பானைகளைச் சொன்னேன்.)

"தாராளமாத் தங்குங்க. ராச்சோறு எங்க வீட்டுல இருந்து வந்துரும். ஒண்ணே ஒண்ணு, வயலு முச்சூடும் பரவலாக் கெடக்கணும். ஒரே மூலையில மொடங்கிறக் கூடாது."

இத்தனை பெரிய வயலில் நாலு பேர் எப்படிப் பரவலாகக் கிடப்பது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. விருந்தாளி தாராளமாகக் காலை நீட்டிப் படுக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார், பாவம் நல்ல மனிதர் என்று புல்லரித்துப்போய் வீடு திரும்பினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூடாரம் போட்டோம். சொன்னபடியே வயல்காரர் வந்து, சாலையோரம் நின்றிருந்த என் கணவர் கண்ணனிடம் இரண்டு பெரிய தூக்குச்சட்டிகளைக் கொடுத்துவிட்டு, பைக்கை விட்டு இறங்காமலேயே போய்விட்டார். சோறும் கருவாட்டுக் குழம்பும். மாமா மூன்றாவது முறை குழம்பு ஊற்றிக்கொண்டார்.

"முன்னபின்ன தெரியாதவனுக்கு இப்படிச் சோறு போடுதானே, மனுசன்னா இவம்லா மனுசன்!"

நான் தரையில் இல்லை. மருதநிலத்து விருந்தோம்பலைப் பற்றி ஒரு சிற்றுரையே ஆற்றினேன்.

தூக்குச்சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்த நேரம், பாதையில் புழுதி தெரிந்தது. அப்புறம் சத்தம். அப்புறம் ஆடுகள். வந்தன, வந்தன, வந்துகொண்டே இருந்தன. கூடவே கம்பும் கையுமாக நாலு பேர். அவர்களில் மூத்தவர் கூடாரத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார், கவிழ்த்து வைத்த சட்டிகளைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"நீங்க யாரு தாயி?"

"நாங்க கேம்ப் போட்டிருக்கோம்."

"நாங்க கிடை போட வந்திருக்கோம்."

அறுத்த வயலில் உரத்துக்காக ராத்திரி ஆட்டு மந்தையை அடைத்து வைப்பதுதான் கிடை. கிடைக்காரர்களுக்கு வயல்காரர் வீட்டில் இருந்து ராச்சோறு வரும். இது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும், ஐந்திணை படித்த என்னைத் தவிர. பரவலாகக் கிடக்க வேண்டியது யார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"சோறு வந்துச்சாக்கும்?" என்று மூத்தவர் மெதுவாகக் கேட்டார்.

சரியாக அந்த நேரத்தில் மாமா ஓர் ஏப்பம் விட்டார்.

வயல்காரருக்குப் போன் போட்டோம். "இந்தக் காலத்துல கிடைக்காரவ ஸ்கூட்டர்ல வர மாட்டாவளா? நான் என்னத்தக் கண்டேன்?" என்று அவர் சிரித்தார். மாமாவால் சிரிக்க முடியவில்லை. உழைத்து வந்தவன் சோற்றைத் தின்றுவிட்டோமே என்று முகம் செத்துப்போய், "ஏட்டி, வண்டியில ஏறு, வீட்டுக்குப் போவோம்" என்றார் அத்தையிடம். அத்தை தன் பையைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனால் வண்டியில் ஏறினால்தானே? காரைச் சுற்றி ஆடுகள். சக்கரத்தில் சாய்ந்து இரண்டு அசை போட்டுக்கொண்டிருந்தன. அத்தை சேலையை இழுத்துச் செருகி, அடுப்பைப் பற்றவைத்தாள். ஐந்து திணைக்கும் கொண்டுவந்த ரவை மொத்தமும் ஒரே திணையில் உப்புமா ஆனது. தொட்டுக்கொள்ள எலுமிச்சை ஊறுகாய். கிடைக்காரர்கள் நாலு பேரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். "உப்பு தூக்கல்" என்று மட்டும் மூத்தவர் சொன்னார்.

ராத்திரி முழுக்க ஆடுகளின் இருமல், கனைப்பு, மணியோசை. இதோடு பயணம் முடிந்தது என்று நான் பொட்டுத் தூக்கம் இல்லாமல் கிடந்தேன். விடிந்தது, வெயில் ஏறியது, மாமா எழுந்திருக்கவில்லை. எழுப்பினால், சோம்பல் முறித்துக்கொண்டே சொன்னார்:

"தறி ஓடுத மாதிரியே இருந்துச்சும்மா. அடுத்த எடத்துலயும் கிடை உண்டா?"

மற்ற இடங்களில் கிடை இல்லை, அதனால் மாமா குறைபட்டுக்கொண்டேதான் வந்தார். கடைசியில் கடற்கரையில் அலைச் சத்தம் கேட்டதும் குறட்டை விட ஆரம்பித்தார். அத்தை அந்தச் சாயங்காலம் முழுக்க மணலில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே நானும் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

போன மாதம் புளியங்குடியில் ஒரு கல்யாணம். இலையில் சோறு விழுந்ததும் பந்தியின் அந்தக் கோடியிலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"எம்மா, விசாரிச்சிட்டியா? இது நம்ம சோறுதானா?"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. அத்தை வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"தின்னுங்க, தின்னுங்க. ஆடு ஒண்ணையும் காணல."