குரோஷியா ரயிலில் நான் பார்த்த மொழிபெயர்ப்பு உத்தியோகம்

அன்றைக்கு எனக்குத் தந்தது சின்ன வேலை. ஸாக்ரெப்பில ரயில் ஏறின எங்கட குழுவை ஸ்ப்ளிட் பட்டணத்தில இறக்கி விடவேணும். அவ்வளவுதான்.

நாங்கள் இலங்கையில புத்தளம் ஆலங்குடாப் பக்கத்துக் கத்தோலிக்கச் சனம். மாதா கோவில்கள் பார்க்கிற யாத்திரையில குரோஷியாவுக்கு வந்திருந்தம். வழிகாட்டி எங்கட பெட்டிகளை வான் வண்டியில ஏத்திக்கொண்டு முன்னுக்குப் போயிட்டார். போக முதல் குழுக்கொடியை என்ட கையில தந்து, கடைசி ஸ்டேஷன்வரைக்கும் ஒருத்தரையும் இறங்க விடாதீங்க எண்டார்.

என்னட்டத் தந்ததுக்குக் காரணம், இங்கிலீஷ் தெரிஞ்ச ஆள் நான்தான் எண்டு ஊரில ஒரு கதை. வெள்ளைக்காரரை டொல்பின் பார்க்கப் படகில கூட்டிக்கொண்டு போறவன் நான். "டொல்பின் தெயார், மேடம். கெயார்ஃபுல், சேர்." பல வருசமா இந்த ரெண்டு வசனத்திலதான் குடும்பம் ஓடுது. அந்தக் கதையைப் பரப்பினதும் நான்தான்.

ரயில் காடு, சோளக்காணி, கல்லுமலை எண்டு போய்க்கொண்டே இருந்தது. ஆறுதலா, மெதுவாப் போற ரயில். புத்தளம் ரயிலுக்குப் பழகின எங்களுக்கு அது ஒரு குறையாத் தெரியேல்ல. பெண்டுகள் செபமாலை சொன்னாங்க. பிலோமினாக்கா மாசிக்கருவாட்டுச் சம்பல் போத்தலைத் திறந்தா. எதிரில இருந்த மனிசன் நாகரிகமா எழும்பி அடுத்த பெட்டிக்குப் போயிட்டார்.

மத்தியானம் டிக்கெட் பார்க்கிறவர் வந்து, குரோஷியன் பாஷையில நீளமா ஏதோ சொன்னார். வெளியில கையும் காட்டினார். எல்லாரும் என்னைப் பார்த்தாங்க.

ஒரு சொல்லும் விளங்கேல்ல. ஆனா கொடி என்ட கையில இருக்கே.

"யாத்திரை நல்லபடியா அமையட்டுமாம். மலை வடிவாம், பார்க்கட்டாம்" எண்டன்.

எங்கட சனம் அவரைப் பார்த்துக் கும்பிட்டுது. எல்லாம் விளங்கிட்டுது எண்டு அவரும் திருப்தியாப் போனார்.

அடுத்த சின்ன ஸ்டேஷனில ரயில் நிண்டுது. எங்களைத் தவிர மற்றச் சனமெல்லாம் பை பெட்டியோட இறங்கிச்சு. அந்தோனி அண்ணர்தான் முதல்ல சந்தேகப்பட்டார். அன்றைக்குப் பின்னேரம் ஸ்ப்ளிட் கோவில் பூசையில தமிழ்ப்பாட்டுப் பாட, எங்களை மாதக்கணக்காப் பழக்கினவர் அவர். இந்தச் சின்ன ஊரில இவ்வளவு சனத்துக்கு என்ன வேலை எண்டு கேட்டார்.

"திருவிழாவா இருக்கும் அண்ணே" எண்டன்.

வெளியில தெரிஞ்சது நாலைஞ்சு வீடும் ஒரு மாட்டுப்பட்டியும். திருவிழா எண்டதும் எங்கட ஆக்களில கொஞ்சப்பேர் எழும்பிட்டாங்க. நான் வாசலில நிண்டு, கொடியைக் குறுக்கால பிடிச்சு மறிச்சன். கடமை எண்டால் கடமை.

ரயில் வெளிக்கிட்டுது. பின்பக்கமா.

கொஞ்சத்தூரம் போய்ப் பத்தைக் காட்டுக்குள்ள நிண்டுது. என்ஜின் கழண்டு தனியாப் போறதை எல்லாரும் ஜன்னலால பார்த்தம். ஒருத்தரும் என்னை ஏசேல்ல. அதுதான் பயமா இருந்தது.

பிலோமினாக்கா மட்டும் ஆறுதலாக் கேட்டா: "தம்பி, இதையும் அந்த மனிசன் சொன்னவரா?"

கடைசியில, ரயில் பெட்டி கூட்ட வந்த பொம்பிளைதான் எங்களைக் கண்டா. தலையில கைவைச்சா. பிறகு தண்டவாளத்தைக் காட்டி, மண்வெட்டியால கொத்துற மாதிரியும் ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரியும் செய்து காட்டினா. அப்பதான் விளங்கிச்சு. முன்னுக்குத் தண்டவாளத்தில வேலை நடக்குது. இறங்கி பஸ்ஸில போகச்சொல்லித்தான் டிக்கெட்காரர் அவ்வளவு நேரம் சொல்லியிருக்கிறார்.

பஸ் எப்பவோ போயிட்டுது. அவ போன் எடுத்து, போன பஸ்ஸைத் திருப்பிக் கூப்பிட்டா. சாறியெல்லாம் முள்ளுக் கொழுவ, பத்தைக்குள்ளால நடந்து ஸ்டேஷனுக்கு வந்தம். பஸ்ஸில ஏறேக்க உள்ள இருந்த சனம் பார்த்த பார்வைக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படேல்ல.

ஸ்ப்ளிட்டுக்குப் போய்ச்சேர, பூசை முடிஞ்சு கோவில் பூட்டியிருந்தது. பிலோமினாக்காவுக்குக் கண் கலங்கிட்டுது. அந்தோனி அண்ணர் எங்களைக் கோவில் வாசலில வரிசையா நிப்பாட்டினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "தொடங்குவம்" எண்டார். படியில நிண்டே பாடினம். ஐஸ்கிறீம் சாப்பிட்டுக்கொண்டு போன சனம் நிண்டு கேட்டுது. வெக்கத்தில நான் கடைசி வரிசையில நிண்டு வாயை மட்டும் அசைச்சன்.

பாட்டு முடிய வழிகாட்டி வந்தார். நடந்ததைக் கேட்டார். தெரியாது எண்டு டிக்கெட்காரரிட்டச் சொல்லியிருக்கலாமே எண்டு கேட்டுக்கொண்டே கொடியை வாங்கிட்டார். அதை அவங்கட பாஷையில எப்பிடிச் சொல்றது எண்டு கேட்டன்.

குரோஷியாவில நான் படிச்ச ஒரே வசனம் அதுதான்: "நே ஸ்நாம்." தெரியாது எண்டு அர்த்தமாம்.