மேல்மாடி அறையில் யாருடைய தாத்தா?

அன்புத் தங்கை தவமணிக்கு,

ஈப்போவிலிருந்து அண்ணன் தியாகராஜா ஆசியுடன் எழுதுவது. ஆயர் தாவாரில் நீயும் மச்சானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் இரத்த அழுத்தத்தைத் தவிர எல்லோரும் நலம். கௌசிகாவின் கல்யாணம் நின்றுவிட்டது. நிறுத்தியது நான்தான், காரணம் நம் தாத்தா.

பத்து காஜா டவுன் மேட்டில் வெள்ளைக்காரன் கட்டிய அரசாங்க அலுவலகம் உனக்குத் தெரியும். தாத்தா அங்கே மேல்மாடி அறையில் பெரிய கிராணியாக, தலைமைக் குமாஸ்தாவாகப் பேனா பிடித்து ஜில்லாவையே ஆட்டிவைத்தார் என்ற கதையைச் சோற்றோடு சேர்த்து உண்டு வளர்ந்தவர்கள் நாம். இப்போது அந்தக் கட்டடத்துக்குப் புதுச் சாயம் அடித்து, கீழே பழைய படங்களை மாட்டி, மேலே கல்யாணப் பதிவு அலுவலகம் வைத்திருக்கிறார்கள். சம்பந்தி வீட்டார் கோயிலில் சந்தித்துப் பேசலாம் என்றபோது, நம் குடும்பம் எப்பேர்ப்பட்டது என்று தெரியட்டுமே என்று நான்தான் அங்கே வரச் சொன்னேன். வாசலிலேயே, "இந்தக் கட்டடமே எங்க தாத்தா கைக்குள்ளதான் இருந்துச்சு" என்று ஆரம்பித்தேன். மாப்பிள்ளை ரதீசனின் அப்பா பரஞ்சோதி சிரித்துக்கொண்டே, "அப்படியா அண்ணே? மேல்மாடியில பெரிய கிராணியா இருந்தது எங்க தாத்தாலா" என்கிறார்! ஒரே அறை, ஒரே நாற்காலி, இரண்டு தாத்தா. சரி, படமே சொல்லட்டும் என்று சுவரில் இருந்த அந்தக்கால அலுவலகக் குழுப்படத்தின் முன்னால் போய் நின்றோம். இருவரும் ஒரே நேரத்தில் விரல் நீட்டினோம். இரண்டு விரலும் தலைப்பாகை கட்டிய ஒரே மீசைக்காரர்மேல் போய் நின்றன. அடியில் பெயர் இருக்குமே என்று குனிந்து பார்த்தால், நாற்காலியில் உட்கார்ந்த துரைமார் பெயரெல்லாம் இருக்கிறது, காலடியில் படுத்த நாய்க்குக்கூட ரெக்ஸ் என்று போட்டிருக்கிறது, பின்னால் நிற்கும் நம் ஆட்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து 'மற்றும் ஊழியர்கள்'. செத்துப்போன துரையிடம் காட்ட முடியாத கோபத்தைப் பரஞ்சோதியிடம் காட்டிவிட்டேன். கூட வந்திருந்த கௌசிகா அழாக்குறையாக, "அப்பா, ரெண்டு பேருக்கும் அவரே தாத்தான்னா நானும் ரதீசனும் அண்ணன் தங்கச்சி ஆயிடுவோம். யாராச்சும் ஒருத்தர் விட்டுக்குடுங்கலா" என்றாள். தாத்தாவை விட்டுக்கொடுப்பதா? சம்பந்தமே வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன். அன்றிலிருந்து கௌசிகா என்னோடு பேசுவதில்லை. கோப்பியை மேசையில் வைத்துவிட்டுப் போகிறாள், அதில் சீனியும் இல்லை.

ஆகவே தங்கச்சி, நம் வீட்டுப் பெண் அந்த வீட்டு வாசற்படி மிதிக்கமாட்டாள். கல்யாணத்துக்கு எடுத்த சேலையை நீ தீபாவளிக்குக் கட்டிக்கொள். மச்சானைக் கேட்டதாகச் சொல். அம்பாள் உங்களைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
யாருக்கும் தலை குனியாத அண்ணன்
தியாகராஜா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் கௌசிகாவிடமிருந்து போன். அவளும் ரதீசனும் முன்பே பெயர் கொடுத்து வைத்திருந்தார்களாம். இன்றைக்கே பதிவு, அதே மேல்மாடி அறையில். "வாரீங்களா மாட்டீங்களாப்பா?" என்றாள். சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். பரஞ்சோதி சாட்சிக் கையெழுத்துப் போட்டார், பக்கத்தில் நானும் போட்டேன். விருந்து அடுத்த மாதம், சேலையைத் தீபாவளிவரை வைத்திருக்காதே. தலைப்பாகைக்காரரை அவர்களுக்கே கொடுத்துவிட்டேன். நமக்கு நாய்க்குப் பின்னால் நிற்கிறவரை எடுத்துக்கொண்டேன். நல்ல முகம்தான். உற்றுப் பார்த்தால் உன் மூக்கு.