செருப்பு அலமாரிக்குப் பின்னால ஒரு ப்ளக்

"இந்த ஞாயித்துக்கிழமை மேட்டுல அவனை முந்தலேன்னா, மீசையை எடுத்துட்டுத்தான் வீட்டுக்குள்ள வருவேன்!"

வயர்மேன் போட்ட சத்தத்துல அடுப்புல இருந்த பாலே பயந்து பொங்கிடுச்சு. அவர் சம்சாரம் அடுப்பை அணைச்சாங்க.

"அந்த மீசைக்குப் போன மாசமே மூணு தடவை கெடு முடிஞ்சு போச்சுங்க."

அவன்னா, பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர். ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு பேரும் ஏரி வரைக்கும் சைக்கிள்ல போவாங்க. ஜாலிக்குத்தான். ஆனா நடுவுல ஒரு மேடு இருக்கே, அது ஜாலிக்கு எமன். மருந்துக்கடைக்காரர் விசிலடிச்சுக்கிட்டே ஏறிடுவார். வயர்மேன் இறங்கித் தள்ளுவார். மேல இருந்து ஒரு குரல் வரும்.

"அண்ணே, முட்டிக்குப் புதுத் தைலம் வந்திருக்கு. உங்க பேரைச் சொல்லி எடுத்து வச்சிருக்கேன்!"

வயர்மேனுக்குப் பத்திக்கிட்டு வரும்.

பேட்டரி சைக்கிளுக்கு மாறினா தீர்ந்துச்சு. ஆனா எப்படி மாறுவார்? டீக்கடையில நாலு பேரு முன்னால அவர் பேசின பேச்சு அப்படி. "பேட்டரி சைக்கிளா? அது சக்கரம் வச்ச கிரைண்டர்யா! தெரு பூரா கரண்டு குடுக்கறவன் நான். என் காலுக்கு எவன்யா கரண்டு குடுக்கறது?"

அதனால திருட்டுத்தனமா வாங்கினார். சார்ஜ் காட்டுற சின்னத் திரை மேல கறுப்பு டேப்பைச் சுத்திட்டார். யாருக்கும் தெரியக்கூடாதாம்.

"ஏங்க, இந்த சைக்கிள் என்ன இவ்வளவு குண்டா இருக்கு?"

"சாதா சைக்கிள்தான். கொஞ்சம் ஊட்டமா வளர்ந்திருக்கு."

"ஓஹோ" அப்படின்னாங்க சம்சாரம். அந்த 'ஓஹோ'வை அவர் கவனிச்சிருக்கணும்.

சம்சாரம் வெளியே போன நேரமாப் பார்த்து, செருப்பு அலமாரிக்குப் பின்னால புது ப்ளக் ஒண்ணு போட்டார். சனிக்கிழமை மத்தியானம் வண்டியை அதுல செருகினார். மீசையை முறுக்கிட்டுப் படுத்தார்.

ஞாயித்துக்கிழமை. தட்டையான ரோட்டுல வண்டி பறந்துச்சு. மருந்துக்கடைக்காரர் வாயைப் பொளந்தார். மேடு வந்துச்சு. பாதி மேடு ஏறியாச்சு. வண்டி ஒரு பெருமூச்சு விட்டுச்சு. அவ்வளவுதான், செத்துப் போச்சு. பழைய சைக்கிளாவது இளைச்ச சைக்கிள். இது எருமை. எருமையைத் தள்ளிக்கிட்டு ஏறினார். பக்கத்துல விசில் சத்தம் தாண்டிப் போச்சு.

"அண்ணே, சைக்கிளுக்கும் முட்டி வலிக்குதா? ரெண்டு பாட்டில் தரவா?"

வீட்டுக் கதவை உதைச்சுக்கிட்டு உள்ளே வந்தார்.

"யாருடி அதைத் தொட்டது?"

"எதை?"

"அதைத்தான்!"

"அதைன்னா எதைங்க?"

எப்படிச் சொல்லுவார்? பல்லை நறநறன்னு கடிச்சார். "செருப்பு அலமாரிப் பக்கம் யாரு போனது?"

"எல்லாரும்தான் போறாங்க. பின்ன செருப்பைத் தலையிலயா கழட்டி வைப்பாங்க?"

அலமாரியை ஒரே இழுப்பா இழுத்தார். ப்ளக்குல சைக்கிள் வயரு இல்ல. மிக்ஸி வயரு!

"மிக்ஸிக்கு இங்க என்னடி வேலை?"

"சமையக்கட்டு ப்ளக்கு மூணு வருஷமா ஆடுது. சொல்லிச் சொல்லி என் நாக்கும் ஆடிப் போச்சு. ஊர் ப்ளக்கெல்லாம் மாட்டுவீங்க, வீட்டு ப்ளக்கைத் தொட மாட்டீங்க. நேத்து பெருக்கும்போது பார்த்தேன், புத்தம் புது ப்ளக்கு! அட, நமக்குத்தான் போட்டிருக்காரு மனுஷன், கூச்சத்துல ஒளிச்சு வச்சிருக்காருன்னு நினைச்சேன். ஏதோ ஒரு வயரு தொங்குச்சு, பிடுங்கிப் போட்டுட்டு அரைச்சேன். செருப்புக்கா கரண்டு குடுப்பீங்க?"

"அது என் சைக்கிளுக்குடி! பேட்டரி சைக்கிளுக்கு!"

சுவரெல்லாம் அதிர்ந்துச்சு. அந்தப் பக்கம் விசில் சட்டுன்னு நின்னுச்சு. சுவருக்கு மேல மருந்துக்கடைக்காரர் தலை மெதுவா எழுந்துச்சு.

"அண்ணே... கிரைண்டரா?"

வயர்மேன் தொப்புன்னு உட்கார்ந்துட்டார். சம்சாரம் வண்டிச் சாவியை எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டாங்க.

"கிரைண்டர்னா அது சமையக்கட்டு சாமான்தானேங்க? அப்ப என் பொறுப்பு."

அன்னிக்கே சமையக்கட்டு ப்ளக்கு சரியாச்சு. காயலான்கடைக்குப் போகக் காத்திருந்த பழைய சைக்கிளுக்குக் காத்தும் அடிச்சாச்சு.

அடுத்த ஞாயித்துக்கிழமை, அதே மேடு. மருந்துக்கடைக்காரர் விசிலோட முன்னால. வயர்மேன் தள்ளிக்கிட்டுப் பின்னால. வசவு மட்டும் நிக்காம ஓடிக்கிட்டிருந்துச்சு. அப்போ, கிணிங் கிணிங்! சேலை முந்தானையைச் செருகிக்கிட்டு ஒரு அம்மா வியர்வையே இல்லாம ரெண்டு பேரையும் தாண்டிப் போனாங்க. விசில் பாதியில அறுந்துச்சு.

மேட்டு உச்சியில இருந்து திரும்பிப் பார்த்து ஒரு குரல் குடுத்தாங்க:

"ஏங்க, அந்த மீசையை எடுத்திருந்தா கொஞ்சம் பாரம் குறைஞ்சிருக்குமே!"